உங்களுக்குத் தெரியுமா? கோவளம் வழியாகப் போகும் சுற்றுலா பஸ்

தை பிறந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிக்கூட பஸ்களுக்குக் கணக்கே இல்லை. முட்டுக்காட்டில் படகு, வடநெம்மேலியில் முதலைகள், கோவளம் கடற்கரையில் புளியோதரைப் பொட்டலம், மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு. சாயங்காலம் தலை எண்ணி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் கல்விச் சுற்றுலா முடிந்தது.

அதே பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் வரலாற்றின் முதல் நான்கு பாடங்களும் முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடையிலான உலகம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம் என்றுதான் போகும். பாசிசம், கம்யூனிசம், பனிப்போர் எல்லாம் ஐந்து மதிப்பெண் வினாக்கள். இதெல்லாம் எங்கோ பெர்லினிலும் மாஸ்கோவிலும் நடந்த சங்கதி என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதிவிடுகிறார்கள். அந்தச் சண்டைகளின் தடங்கள் அவர்கள் வந்த சாலையிலேயே கிடக்கின்றன. வழிகாட்டிகள் பல்லவரோடு நிறுத்திக்கொள்வதால் யாரும் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கோவளத்தில் ஒரு சீன அதிபர்

2019 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடி வேட்டி சட்டையில் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு மாமல்லபுரத்தைச் சுற்றிக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாள் பேச்சுவார்த்தை நடந்தது கோவளத்தில், கடலைப் பார்த்து நிற்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஹோட்டலில். அன்று காலையில்தான் மோடி கோவளம் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினார். ஷியின் முகத்தையே நெய்த சிறுமுகைப் பட்டு அவருக்குப் பரிசாகப் போனது. எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில், கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு வீரர்களும் மோதிக்கொண்டார்கள்.

ஹோட்டல் இருக்கும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய கோவளம் கோட்டை இருந்த இடம் அது. 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்தார். அதே வேகத்தில் செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்தது. வல்லரசுகள் கோவளத்தில் கணக்குத் தீர்ப்பது புதிதல்ல.

ஷிக்கு முன்பே வந்தவர்

ஷிக்கு 63 வருடம் முன்னால், 1956 டிசம்பரில், சீனப் பிரதமர் சூ என்லாய் இதே மாமல்லபுரத்துக்கு வந்தார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் ஜெமினி ஸ்டுடியோவையும் பார்த்தவர், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் குழிப்பாந்தண்டலம் என்ற சின்னக் கிராமத்தின் தாய்சேய் நல மையத்துக்கும் போனார். மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலா பஸ் எதுவும் அந்த ஊர்ப் பக்கம் திரும்புவதில்லை.

அந்த டிசம்பரை உலகத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் சுவாரசியம். அதற்கு முந்தைய மாதம்தான் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்து ஹங்கேரியின் கிளர்ச்சியை நசுக்கியிருந்தன. புத்தர் ஜயந்தி விழாவுக்காக வந்த தலாய் லாமாவும் அப்போது இந்தியாவில்தான் இருந்தார். நேருவும் சூவும் பஞ்சசீலம் பேசி இரண்டு வருடமே ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்குள் தலாய் லாமா அகதியாக இந்தியாவுக்கே திரும்பி வந்தார். ஆறாவது வருடம் எல்லையில் போர். அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கும் வகுப்பில், "1956-ல் இங்கே நின்ற சூவும் நேருவும் 1962-ல் ஏன் எதிரிகளானார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். திரும்பி வரும் வழி முழுக்கப் பேச விஷயம் இருக்கும்.

செங்கல்பட்டு, 1929

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக செங்கல்பட்டுக்குப் போய்விடலாம். பெரும்பாலான சுற்றுலாக்காரர்களுக்கு அது ரயில் ஜங்ஷன். பசங்களுக்குக் கொளவாய் ஏரி. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கே நடந்த முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, தமிழ்நாட்டு வரலாற்றில் எந்தக் கோட்டைக்கும் குறையாத இடம் பெற வேண்டியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தி.நகர் பாண்டி பஜாருக்கு அவர் பெயர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மாநாட்டைத் திறந்துவைத்தவர் அப்போதைய மாகாண முதல் மந்திரி ப. சுப்பராயன்.

தீர்மானங்களைப் பாருங்கள்: பெயருக்குப் பின்னால் ஒட்டும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும். பெண்ணுக்குச் சொத்தில் ஆணோடு சம உரிமை வேண்டும். பெண்ணுக்குத் திருமண வயது 16 ஆக வேண்டும். பிடிக்காத மணத்திலிருந்து விலக உரிமை வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14-இல்தான் வைத்தது.

சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமானது 1989-ல். முழுசாக அறுபது வருடம். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல் வந்தது. சாதிப் பட்டத் தீர்மானத்துக்கோ எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. வகுப்பு ஆசிரியரின் வருகைப் பதிவேட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்து, எத்தனை பேர் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். முதல் எழுத்தும் பெயரும்தான் இருக்கும். சாதி போய்விட்டதா என்பது வேறு கேள்வி. பதில் அவர்களுக்கே தெரியும். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கவனிக்கிற ஆசிரியருக்கும் தெரியும்.

உப்பளம்

முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் பக்கம் பாத்தி கட்டிய உப்பளங்களைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடப்பார்கள். உப்பு வரியை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். தொண்டர்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்றார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். ஜனங்கள் போட்டார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். இந்த உப்பளங்களின் பக்கம் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி ஒரு பிடி கல்லுப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பாடம் சொன்னால் உப்பு வரி என்றால் என்னவென்று விளங்கும்.

தேக்குத் தூணும் பர்மாவும்

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று உண்டு. செட்டிநாட்டில் இருந்த ஒரு பழைய வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பெரிய தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, கீழ்பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு அங்கே வட்டிக்கு விட்ட நகரத்தார் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பலர் ஓடி வந்தார்கள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, "பர்மிய வழி சோசலிசம்" என்று சொல்லி, கடை, வங்கி எல்லாவற்றையும் தேசியமயமாக்கினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் கப்பலில் வந்திறங்கிய தமிழ்க் கடைக்காரர்களும் கூலிகளும். சென்னை பர்மா பஜாரும் வியாசர்பாடியின் அத்தோ கடைகளும் அவர்களால் வந்தவை. வட்டிக்கு விட்டவரின் கதை தூணில் இருக்கிறது, கூலியின் கதை தட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சோசலிசம் பாடம் நடத்தக் கூடாது என்பது என் கட்சி.

அடையாற்றில் எதிரி நாட்டுப் பாட்டி

இந்தச் சாலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது. நர்சரி வகுப்பில் மணிச்சட்டமும் மர உருளைகளும் வைத்து விளையாடிய குழந்தைகள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

மரியா மாண்டிசோரி இத்தாலிக்காரர். முசோலினி முதலில் அவருடைய பள்ளிகளைத் தாங்கிப் பிடித்தார். இத்தாலியின் பெருமை என்றார். குழந்தை தானாக யோசிக்க வேண்டும் என்ற கல்வியும், தலைவர் சொன்னால் கை தூக்க வேண்டும் என்ற அரசியலும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் இத்தாலியில் அந்தப் பள்ளிகளை மூடினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலும் மூடினார்கள்.

1939-ல், ஏறக்குறைய எழுபது வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன்பேரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தார், மகன் மரியோவோடு. ஆல்காட் தோட்டத்தில் கொட்டகை போட்டுப் பயிற்சி வகுப்பு. 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். 1940 ஜூன் 10 அன்று இத்தாலி பிரிட்டன் மீது போர் அறிவித்தது. மறுகணம் சென்னையில் இருந்த தாயும் மகனும் எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டியை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். பாசிசம் துரத்திய பெண்ணைப் பாசிச நாட்டுக்காரி என்று காவலில் வைத்தது, பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட அரசு.

ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்று. அதன் பிறகு போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே இருந்தார்கள். கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் வகுப்பு நடத்தினார்கள். இன்று நம் தெருமுனை நர்சரிகளின் பலகையில் "மாண்டிசோரி" என்று எழுதியிருப்பதற்கு அந்தக் கட்டாயத் தங்கலும் ஒரு காரணம்.

பிரம்மஞான சபை வளாகத்துக்குப் பள்ளிக் கூட்டத்தோடு போவதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. அங்குள்ள ஆலமரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

கிண்டியில் ஒரே வளாகம், ஒத்துப்போகாத மனிதர்கள்

சென்னைப் பிள்ளைகளுக்கு காந்தி மண்டபம் என்றால் பாம்புப் பண்ணைக்குப் பக்கத்து நிழல். அங்கே யார் யாருக்கெல்லாம் நினைவிடம் இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் சிரிப்பும் வரும், மலைப்பும் வரும்.

ராஜாஜிக்கு நினைவாலயம் இருக்கிறது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். அதை எதிர்த்த போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். 1965-ல் அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசினார். அந்த ஆண்டு போராட்டம் துப்பாக்கிச் சூடுவரை போனபோது முதலமைச்சராக இருந்தவர் பக்தவத்சலம். அவருக்கும் அங்கே நினைவிடம். மொழிப்போர்த் தியாகிகளுக்கு மணிமண்டபம், அதுவும் அதே வளாகத்தில்தான்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளத்தில் 1859-ல் பிறந்தவர், "பறையன்" என்றே பெயர் வைத்து 1893-ல் பத்திரிகை நடத்தியவர், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1932 செப்டம்பர் 24-ன் பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. ராஜாஜியின் கையெழுத்தும் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றவரும், அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த காந்தியின் சீடரும் ஒரே தாளில் கையெழுத்திட்டவர்கள், ஒரே வளாகத்தில் நினைவுகூரப்படுகிறார்கள்.

ராஜாஜியை விட்டுப் போக மனமில்லை. 1952-ல் சட்டமன்றத்திலேயே கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர். 1959-ல் சோசலிசத்துக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். 1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. காங்கிரஸ் தோற்றது. ஜெர்மனியில் ஒரு ஊரையே சுவர் வைத்துப் பிரித்த இரண்டு சித்தாந்தங்கள் தமிழ்நாட்டில் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டன. இதைப் பாடப்புத்தகத்தில் பெட்டிச் செய்தியாகப் போட்டாலே பிள்ளைகளுக்கு அரசியல் பாதி புரிந்துவிடும்.

இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு நினைவிடத்தின் முன்னால் நிறுத்தி, அங்கிருப்பவரின் பக்கம் பேசச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து இடத்தை மாற்றிவிடுங்கள்.

மெரினாவில் நான்கு பேர்

செல்ஃபி எடுக்கும் உழைப்பாளர் சிலை 1959-ல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா காந்தி சிலையும் அவர் கைவேலைதான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தக் கடற்கரையில்தான் நடத்தினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று.

சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்த வக்கீல். 1925-ல் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கோவளம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வரியைச் சொன்னால் கேட்கிற முகங்களே வேறு மாதிரி இருக்கும்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே உருவாகிவிட்டது. தலைவர் பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அவரோடு நின்ற திரு.வி.க. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்.

நோட்டுக்கு அட்டை போட்ட வல்லரசு

இன்றைய பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். "சோவியத் நாடு" பத்திரிகையின் வழவழத் தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் இருப்பார்கள். டிராக்டர் ஓட்டும் பெண்ணும் கோதுமை வயலும் கணக்கு நோட்டின் மேல். 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம், மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைச் சில ரூபாய்க்கு விற்றது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே இருந்து மொழிபெயர்த்தார்கள்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க நூலகத்துக்கு ஒரு தலைமுறையே உறுப்பினர். 1969-ல் ஜெமினி வட்டத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் வந்தது. கார்க்கியின் "தாய்" நாவலை தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கினார், ஆர்வெல்லின் "விலங்குப் பண்ணை"யை க.நா.சு. தமிழாக்கினார். இருவரும் இலக்கியத்தில் எதிரெதிர் முகாம்காரர்கள். பழைய பள்ளி நூலகத்தின் அலமாரியைத் துடைத்துப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. பனிப்போருக்குச் சுற்றுலா போக பஸ்கூட வேண்டாம்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1999-லிருந்து "ஆஷ்விட்ஸ் பாடங்கள்" என்றொரு திட்டம் நடக்கிறது. பள்ளிக்கு இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில் போலந்தின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அழைத்துப்போய்த் திரும்புகிறார்கள். போவதற்கு முன் ஒரு வகுப்பு, வந்த பின் ஒரு வகுப்பு, பிறகு தங்கள் பள்ளியில் போய்ச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 1933 மார்ச்சில் திறந்த டக்காவ் வதைமுகாம் இன்று நினைவிடம். பள்ளி பஸ்கள் நிற்காத நாள் குறைவு. அங்கே குற்றம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளே வந்து பார்க்கிறார்கள். நம் சுற்றுலாக்களில் பெருமைக்குரிய இடங்கள் மட்டும்தான் பட்டியலில் ஏறும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்கு எத்தனை பள்ளிகள் பஸ் அனுப்புகின்றன?

கல்பாக்கம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். 1974 மே 18 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு கனடா அணு ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. கனடா வடிவமைப்பையே ஒட்டியிருந்தாலும், கல்பாக்கத்தின் முதல் உலையை நம்மவர்களே முடித்து 1983 ஜூலையில் இயக்கினார்கள். பிரெஞ்சு மாதிரியில் கட்டிய சோதனை ஈனுலைக்கு பிரான்ஸ் செறிவூட்டிய யுரேனியம் தர மறுத்தது. வேறு எரிபொருளை இங்கேயே உருவாக்கி 1985-ல் ஓட்டினார்கள். பனிப்போர்க் காலத்தின் அணிசேராமைக்கு விலை என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் இல்லை. வளாகத்துக்குள் பாதுகாப்பு கடுமை. நினைத்தபோது பஸ்ஸைத் திருப்ப முடியாது.

கடைசியாக, டிக்கெட்

தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட். அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட்டே இல்லை. உலகப்போர் படிக்கிற பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் பதினைந்தைத் தாண்டியிருப்பார்கள். பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், கவுன்டரில் வாக்குவாதம் மிச்சம்.